தைக்கலாம், ஒட்டுமா?

தோள் அறுவை செய்யும் எனக்கு வந்த கடிதம் நான்கு பக்கம். ஊர், பெயர், மருத்துவமனைகளின் அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியவருக்கு 63 வயது. கணவர் காலமாகி ஒன்பது வருடமாகிறது. காவிரிக் கரை ஊர் ஒன்றில் சிறிய மெஸ் நடத்துகிறார். காலையில் இட்லி, தோசை. மதியம் அளவுச் சாப்பாடு. 16 மாதங்களுக்கு முன் சமையல்கட்டில் மாவு கழுவிய ஈரத் தரையில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. நாட்டு வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டு ஒன்றரை மாதம். பிறகு ஒரு மருத்துவர் "ஃப்ரோசன் ஷோல்டர்" என்று சொல்லித் தோளில் மூன்று ஊசி போட்டிருக்கிறார்; மூன்றாவது ஊசி போட்டு ஏழு வாரம் ஆகிறது. வலி விட்டுவிட்டு வந்தது. கை மட்டும் மேலே எழவில்லை. போன மாதம் எம்.ஆர்.ஐ. எடுத்ததில் தோளின் மேல், பின் நாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறுகள்) இரண்டும் முழுதாக அறுந்து உள்ளே சுருங்கியிருப்பதாகவும், தசையில் கொழுப்பு மூன்றாம் நிலையில் படிந்திருப்பதாகவும் அறிக்கை வந்திருக்கிறது. சர்க்கரை 11 வருடமாக இருக்கிறது. மூன்று மாதச் சராசரி (HbA1c) 9.2.

ஒரு மருத்துவர், "துளை போட்டுத் தைத்துவிடலாம், தள்ளிப்போட்டால் கை விளங்காமல் போகும்" என்கிறார். இன்னொருவர், "தைத்துப் பயனில்லை, மூட்டையே மாற்ற வேண்டும்" என்கிறார். உறவினர் ஒருவர் "பலூன் வைக்கிறார்களாமே, அது சுலபம்" என்கிறார். மகன் நகையை வைத்தாவது உடனே அறுவை செய்துவிட வேண்டும் என்று நிற்கிறார். அம்மா கேட்பது இதுதான்: "ஆபரேஷன் பண்ணினா பழையபடி மாவு அண்டாவைத் தூக்குவேனா? பண்ணாட்டி கை போயிடுமா? ரெண்டு டாக்டர்ல யார் சொல்றது சரி?"

அம்மா,

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் கை விளங்காமல் போகாது. பக்கவாதத்திலும் நரம்பு அறுந்தாலும்தான் கை அப்படி ஆகும். உங்களுக்கு அறுந்திருப்பது நாண். விரல், மணிக்கட்டு, முழங்கை எல்லாம் வேலை செய்கின்றன. கரண்டி பிடிக்கிறீர்கள், கணக்கு எழுதுகிறீர்கள். அறுவை செய்யாவிட்டால் காலப்போக்கில் தோள் மூட்டு தேயலாம், தூக்கும் பலம் இன்னும் குறையலாம். அது வருடக் கணக்கில் நடக்கும் காரியம். அடுத்த வாரத்துக்குள் தேதி குறிக்க வேண்டிய அவசரம் எதுவும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை.

அவசரமாக இருந்த காலம் ஒன்று இருந்தது. விழுந்த முதல் சில வாரங்கள். அப்போது கண்டுபிடித்திருந்தால் நாணை இழுத்து எலும்பில் தைப்பது எளிது, ஒட்டும் வாய்ப்பும் அதிகம். இதை உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஐம்பதைத் தாண்டியவர் விழுந்து, எக்ஸ்ரே நன்றாக இருந்தும் இரண்டு மூன்று வாரத்தில் கை மேலே எழவில்லை என்றால், ஒரு அல்ட்ராசவுண்டாவது எடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஃப்ரோசன் ஷோல்டருக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். உறைந்த தோளை அடுத்தவர் தூக்கினாலும் எழாது. நாண் அறுந்த தோளை அடுத்தவர் தூக்கினால் எழும், தானாகத்தான் எழாது. "படுத்துக்கிட்டு இடது கையால தூக்கினா காது வரைக்கும் போகுது, நின்னா நெஞ்சு உயரம்தான்" என்று மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஜவ்வு என்று சொல்கிறோமே

நம் பக்கம் முழங்காலில் கிழிந்தாலும் ஜவ்வு, தோளில் கிழிந்தாலும் ஜவ்வு, முதுகில் பிதுங்கினாலும் ஜவ்வு. அந்த ஒரு சொல்லால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. தோளில் நடந்தது வேறு.

மேல்கை எலும்பின் தலை ஒரு பந்து. அது உட்காரும் கிண்ணம் மிகவும் ஆழம் குறைந்தது. தேங்காயைச் சாப்பாட்டுத் தட்டில் நிறுத்தியதுபோல. அது நழுவாமல் நடுவில் நிற்க நான்கு தசைகள் முன்னாலும் மேலும் பின்னாலுமாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் நாண்கள் பந்தின் மேல் ஒரு கைப்பட்டி மாதிரி ஒட்டியிருப்பதால் ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். கையைத் தூக்கும் பெரிய வேலையைச் செய்வது இவையல்ல. வெளியே உருண்டையாகத் தெரியும் டெல்டாய்டு தசை. ஆனால் கஃப் பந்தை நடுவில் பிடித்துக்கொண்டால்தான் டெல்டாய்டால் கையை உயர்த்த முடியும். பிடி விட்டுப்போனால் டெல்டாய்டு இழுக்கும்போது கை உயர்வதற்குப் பதில் பந்து மேலே ஏறி, தோளுக்கு மேற்கூரையாக நிற்கும் எலும்பில் முட்டும். உங்களுக்கு நிற்கும்போது கை நெஞ்சோடு நின்றுவிடுவது அதனால்தான்.

நான்கில் இரண்டோ அதற்கு மேலோ முழுதாக அறுந்தால் அதை மிகப் பெரிய கிழிசல் என்கிறோம். உங்களுடையது அந்த வகை. ஆனால் கிழிசலின் அகலத்தைவிட முக்கியமான ஒரு விஷயம் உங்கள் அறிக்கையின் நான்காவது வரியில் இருக்கிறது. அறுந்த நாணுக்குப் பின்னால் இருக்கும் தசை வேலையில்லாமல் கிடந்தால் மெல்ல மெல்லக் கொழுப்பாக மாறும். 1994-ல் கூட்டாலியே என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைச் சுழியிலிருந்து நான்கு வரை நிலைகளாகப் பிரித்தார். மூன்று என்றால் தசையும் கொழுப்பும் பாதிக்குப் பாதி. நான்கு என்றால் கொழுப்பே கூடுதல். நாணைத் தைத்துவிட்டாலும் இந்தக் கொழுப்பு திரும்பத் தசையாவதில்லை. இற்றுப்போன துணியில் ஒட்டுப்போடுவது எப்படியென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊசி ஏறும், நூலும் நிற்கும், துணி நூலைவிட்டு நழுவும்.

ஆகவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது "எத்தனை சென்டிமீட்டர் கிழிந்திருக்கிறது" என்று கேட்காதீர்கள். "தசை எப்படி இருக்கிறது, நாண் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது" என்று கேளுங்கள்.

ஒட்டுவது வேறு, நலமாவது வேறு

இரண்டு மருத்துவர்கள் எதிரெதிராகச் சொன்னது உங்களைக் குழப்பியிருக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் ஒரு பாதியைச் சொன்னார்கள்.

2004-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பெரிய கிழிசல் உள்ள 18 பேருக்கு, தோளைத் திறக்காமல் சிறு துளை வழியே தைத்து, ஒரு வருடம் கழித்து அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். 18 பேரில் 17 பேருக்கு நாண் மறுபடி விட்டிருந்தது. அதைப் படித்த அன்று எங்களில் பலருக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. அதே 18 பேரில் 16 பேருக்கு வலியும் கைப் பயன்பாடும் நன்றாகத் தேறியிருந்தன. நாண் ஒட்டவில்லை, ஆள் நலமாக இருக்கிறார். இரண்டாம் வருடம் பார்த்தபோது அந்தத் தேறுதல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? அறுவையின்போது உள்ளே வீங்கிக் கிடக்கும் சதையைச் சுத்தம் செய்கிறோம், வலி கொடுக்கும் பைசெப்ஸ் நாணை (புஜத்தின் முன்தசையிலிருந்து தோளுக்குள் வருவது) விடுவிக்கிறோம், பிறகு மாதக் கணக்கில் முறையான பயிற்சி நடக்கிறது. வலி குறைவதில் பெரும் பங்கு இவற்றுக்கு உண்டு. வலி குறையும், பலம் அவ்வளவாகத் திரும்பாது. நாண் உண்மையாக ஒட்டியவர்களுக்குத்தான் பலமும் திரும்புகிறது, வருடங்கள் போனாலும் நிற்கிறது. எனவே "தைத்துவிடலாம்" என்று சொன்ன மருத்துவர் வலியை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். "பயனில்லை" என்று சொன்னவர் பலத்தை நினைத்திருப்பார். நீங்கள் கேட்டதோ மாவு அண்டாவை.

ஒட்டுவதற்கு எதிராக உங்களிடம் இருப்பவற்றைச் சொல்கிறேன், மனம் வாட வேண்டாம். வயது ஒன்று, பிரான்ஸில் மேல் நாண் மட்டும் கிழிந்தவர்களுக்குத் தைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் 65 வயதைத் தாண்டியவர்களில் 43 சதவீதம் பேருக்குத்தான் முழுதாக ஒட்டியது. நீங்கள் அந்த வயதை நெருங்குகிறீர்கள், உங்களுக்கு இரண்டு நாண். அடுத்து 9.2 என்ற சர்க்கரை. பதினாறு மாதம். கிண்ணத்தின் விளிம்புவரை சுருங்கிப்போன நாண். மூன்றாம் நிலைக் கொழுப்பு. இவை எல்லாம் சேர்ந்த தோளில், உள்ளே போய்ப் பார்த்தால் நாண் எலும்பு வரை வந்தே சேராமல் போகவும் கூடும். வராத நாணை வலிந்து இழுத்துக் கட்டினால் முதல் சில மாதத்திலேயே விட்டுவிடும்.

உங்கள் தம்பி மனைவிக்குத் தைத்து நாலு மாதத்தில் சரியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு 50 வயது, கிழிசல் சிறியது, சர்க்கரை இல்லை. இரண்டு தோளுக்கும் பெயர் ஒன்று, அவ்வளவுதான்.

தையலுக்கு ஒரு விலையும் உண்டு. நாலிலிருந்து ஆறு வாரம் கையைப் பட்டையில் தொங்கவிட வேண்டும். மூன்று மாதம்வரை பாரம் கூடாது. முழுப் பலன் தெரிய ஒன்பது மாதம், ஒரு வருடம்கூட ஆகும். இடது கையால் சாப்பிட்டு, மருமகள் தலை வாரிவிட்டு, மெஸ்ஸை வேறு ஆளிடம் விட்டு அந்த ஆறு வாரத்தைக் கடக்க வேண்டும். ஒட்டும் என்று நம்பக் காரணம் இருந்தால் அது தாங்கக்கூடிய விலை.

பலூனும் மற்றவையும்

உறவினர் சொன்ன பலூன் உண்மையில் இருக்கிறது. பந்துக்கும் மேற்கூரை எலும்புக்கும் நடுவில் உப்புநீர் நிரப்பிய பலூனை வைப்பார்கள். சில மாதங்களில் அது கரைந்துவிடும். அதற்குள் தோள் நடுவில் நிற்கப் பழகிக்கொள்ளும் என்பது எண்ணம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 117 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்குச் சுத்தம் மட்டும் செய்து, பாதிப் பேருக்குச் சுத்தம் செய்து பலூனும் வைத்துப் பார்த்தார்கள். 2022-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. பலூன் வைக்காதவர்கள்தான் மேலாக இருந்தார்கள். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இதற்காக நகையை வைக்க வேண்டாம்.

தொடையிலிருந்து தடித்த சவ்வை எடுத்துத் தோளின் மேற்பகுதியில் கூரைபோல் தைக்கும் முறையை ஜப்பானில் மிஹாத்தா என்பவர் 2013-ல் வெளியிட்டார். 24 தோள்களில் செய்து, சராசரியாக 84 டிகிரி எழுந்த கை 148 டிகிரி எழுந்தது என்றார். அவர் கையில் அது நன்றாக வந்தது. எல்லோர் கையிலும் அப்படி வரவில்லை. ஒட்டு கிழிந்துபோன கதைகளும் நிறைய. முதுகின் பெரிய தசையின் நாணைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து தோளில் இணைக்கும் முறை 1988-லிருந்தே இருக்கிறது. கெர்பர் என்ற சுவிஸ் மருத்துவர் தொடங்கியது. இவை இரண்டும் பெரும்பாலும் வயது குறைந்தவர்களுக்கு, மூட்டு தேயாதவர்களுக்கு. உங்களுக்கு முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதுகுத் தசை விஷயத்தை மறந்துவிடாதீர்கள், கீழே அதற்கு ஒரு வேலை வரும்.

தலைகீழ் மூட்டு

இரண்டாவது மருத்துவர் சொன்னது ரிவர்ஸ் ஷோல்டர். பிரான்ஸின் திஜோன் நகரத்து மருத்துவர் பால் கிராமோன் 1985-ல் உருவாக்கியது. பந்து இருக்கும் இடத்தில் கிண்ணம், கிண்ணம் இருக்கும் இடத்தில் பந்து. பந்து தோள்பட்டை எலும்பில் திருகி நிலையாக நிற்பதால் அது மேலே ஏறி முட்ட வழியில்லை. கஃப் இல்லாமலே டெல்டாய்டு மட்டும் கையைத் தூக்கிவிடும். தையல் ஒட்டுமா என்ற கேள்வியே இங்கே கிடையாது.

பலன் நல்லது. நெஞ்சோடு நின்ற கை பொதுவாக 120, 140 டிகிரி எழுகிறது. வலி நன்றாக அடங்குகிறது. பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதே மூட்டு மாற்றப்படாமல் இருக்கிறது. ஆனால் அந்த வருடங்களில் தூக்கும் பலம் மெல்லக் குறைகிறது. அதனால்தான் 70-ஐத் தாண்டியவர்களுக்கு மனமுவந்து சொல்வதை 63 வயதுக்காரருக்குச் சொல்லும்போது நாங்கள் ஒரு நிமிடம் யோசிக்கிறோம். சிக்கல்களும் உண்டு: கிருமித்தொற்று, மூட்டு நழுவுதல், மேற்கூரை எலும்பில் விரிசல். சர்க்கரை 9-க்கு மேல் இருக்கும்போது முதலாவது பெரிய பயம். வைத்த மூட்டில் கிருமி புகுந்தால் அது ஒரு ஆபரேஷனோடு முடிகிற கதை இல்லை.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்த மூட்டு வைத்தபின் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது பலருக்குக் குறைகிறது. புடவையின் பின்பக்கம் செருகுவது சிரமம். இடது தோளில் இது செய்தவர்கள் கழிப்பறையில் படும் பாட்டை வெட்கத்தில் யாரிடமும் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை. உங்களுக்கு வலது தோள் என்பதால் அந்தச் சங்கடம் இல்லை.

இனி உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி. "சோத்தை வாய்க்குக் கொண்டுபோனா முழங்கை தானா மேல போகுது, கோழி றெக்கையைத் தூக்கற மாதிரி இருக்குன்னு மருமக சிரிக்கிறா." சிரிக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். மருத்துவத்தில் இதற்குக் கொம்பு ஊதுகிறவரின் நிலை என்று பெயர். கோயில் திருவிழாவில் கொம்பு ஊதுபவர் முழங்கையை எப்படித் தூக்கிப் பிடிக்கிறாரோ அப்படி. கையை வெளிப்புறம் திருப்பும் தசைகள், அதிலும் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் நான்காவது சிறு தசை, வலுவிழந்தால் இப்படி நடக்கும். உங்கள் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் அந்த நான்காவது தசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது போய்விட்டிருந்தால் தலைகீழ் மூட்டு கையை உயர்த்தும், ஆனால் வெளிப்புறம் திருப்பாது. உயர்ந்த கை உள்பக்கமாக விழும். அப்படிப்பட்டவர்களுக்கு மூட்டு வைக்கும்போதே நான் மேலே சொன்ன முதுகுத் தசையின் நாணையும் மாற்றிக் கட்டுவதுண்டு. ஆகவே மருத்துவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, சோறு உண்பதுபோல் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்கேனைவிட அதிகம் பேசும்.

இப்போது என்ன செய்யலாம்

உங்களைத் தொட்டுப் பார்க்காமல் நான் முடிவு சொல்ல முடியாது. உங்கள் நிலையில் என் அக்கா இருந்தால் என்ன சொல்வேனோ அதைச் சொல்கிறேன்.

மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அதை வீணடிக்காதீர்கள். முதல் வேலை சர்க்கரை. மூன்று மாதச் சராசரியை 7.5 அளவுக்கு இறக்காமல் எந்த மூட்டும் வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். தோளில் இனி ஊசியும் வேண்டாம். ஊசி போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் தொற்று அபாயம் கூடுகிறது. உங்களுக்கு அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

இரண்டாவது, டெல்டாய்டுக்குப் பயிற்சி. மல்லாந்து படுங்கள். இடது கையால் வலது கையைத் தூக்கிக் கூரையைப் பார்க்க நேராக நிறுத்துங்கள். படுத்திருக்கும்போது கையின் கனம் தோளை அதிகம் இழுக்காது; அதனால் உங்களால் அதை அங்கே நிறுத்திவைக்க முடியும். நின்ற கையைத் தலைப்பக்கமும் கால்பக்கமும் மெல்ல ஒரு சாண் அசையுங்கள். ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று வேளை. சுலபமானதும் கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். அதுவும் சுலபமானால் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்தபடி, பிறகு ஈஸி சேரில், கடைசியில் உட்கார்ந்து. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் 80 வயதையொட்டிய 17 பேருக்கு, உங்களைப்போல் சரிசெய்ய முடியாத கிழிசலோடு இருந்தவர்களுக்கு, இதைக் கற்றுக்கொடுத்தார்கள். சராசரியாக 40 டிகிரியில் நின்ற கை 160 வரை எழுந்தது. 17 பேர் சின்னக் கூட்டம்தான், எல்லோருக்கும் இப்படி வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். செலவு ஒரு தண்ணீர் பாட்டில் என்பதால் செய்து பார்க்கச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் ஒரு பிசியோதெரபிஸ்ட் கூட இருந்தால் நல்லது.

மூன்றாவது, நின்றபடி ஒரு சாதாரண எக்ஸ்ரே. நீங்கள் விழுந்தபோது எடுத்ததோடு நிறுத்திவிட்டீர்கள். பந்துக்கும் மேற்கூரைக்கும் இடையே 7 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் பந்து ஏறிவிட்டது என்று அர்த்தம். தையலைப் பற்றிய பேச்சு ஏறக்குறைய அங்கேயே முடியும். மூட்டு தேய்ந்திருக்கிறதா என்பதும் தெரியும்.

மூன்று மாதம் கழித்து நிலைமை இப்படிப் பிரியும். கை தோளுக்கு மேல் எழுந்து, வலியும் பொறுத்துக்கொள்ளும் அளவில் இருந்தால் அறுவையே வேண்டாம். கை எழுகிறது, ஆனால் இரவு வலி தூங்கவிடவில்லை என்றால், துளை வழியே சுத்தம் செய்து பைசெப்ஸ் நாணை விடுவித்து, எவ்வளவு நாண் இழுபடாமல் வருகிறதோ அதை மட்டும் கட்டும் சிறிய அறுவை போதும். பைசெப்ஸ் நாணை விடுவித்ததால் புஜத்தில் தசை கொஞ்சம் உருண்டு தெரியும், அது ஆபத்தில்லை. கை நெஞ்சைத் தாண்டவே இல்லை என்றால் தலைகீழ் மூட்டு. "முதலில் தைத்துப் பார்ப்போம், போனால் மூட்டு மாற்றுவோம்" என்று மகன் நினைப்பது புரிகிறது. ஆனால் தையல் தோற்றபின் மூட்டு வைத்தவர்களுக்குப் பலன் சற்றுக் குறைவாகவும் சிக்கல் கூடுதலாகவும் வருகிறது. ஒட்டாது என்று தெரிந்தே தைப்பது இலவச முயற்சி கிடையாது.

மாவு அண்டாவுக்கு வருகிறேன். எந்த அறுவையும் அதைத் திருப்பித் தராது. தலைகீழ் மூட்டு வைத்தவருக்கு அந்தக் கையால் கனமான பாத்திரம் தூக்கக் கூடாது என்றுதான் நாங்களே சொல்லி அனுப்புகிறோம். அதற்கு ஓர் ஆளை வையுங்கள். ஆனால் தோசை ஊற்றுவது, பரிமாறுவது, கல்லாவில் உட்காருவது எல்லாம் இடுப்பு உயரத்து வேலை. முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கும்வரை உங்கள் தோள் அதைச் செய்யும். அடுப்பு மேடையைச் செங்கல் ஒரு வரிசை இறக்கிக் கட்டச் சொல்லுங்கள். மேல் அலமாரியில் இருக்கும் எண்ணெய் டின்னைக் கீழே இறக்குங்கள்.

பணமும் காகிதமும்

முதல் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. சி.டி. கேட்டதற்கு "இங்கேயே ஆபரேஷன் செய்தால் தருவோம்" என்றார்களாமே. அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அறிக்கை மட்டும் போதாது, படங்கள் வேண்டும். கொழுப்பின் நிலையை ஒவ்வொரு தோள் மருத்துவரும் தன் கண்ணால் பார்த்தே முடிவு செய்ய விரும்புவார்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம்வரை வழி உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்க வேண்டும். எந்த அறுவை என்று முடிவான பிறகு அதன் பெயரோடு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் போய், பட்டியலில் இருக்கிறதா, மூட்டுக்கருவியும் சேர்த்தா என்று கேளுங்கள். 2017-ல் மத்திய அரசு விலை வரம்பு வைத்தது முழங்கால் மாற்றுக் கருவிகளுக்கு. அந்த ஆணையைக் காட்டித் தோளுக்கு விலை குறைக்கச் சொல்ல முடியாது. தையல் என்றால் நூலைப் பிடிக்க எலும்பில் பதிக்கும் ஆங்கர்கள் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. மதிப்பீட்டில் எத்தனை ஆங்கர் என்று எழுதி வாங்குங்கள்.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள், மகன் அல்ல. உள்ளே போய்ப் பார்த்து நாண் வரவில்லை என்றால் என்ன செய்வார்கள் என்பதை அதற்கு முன்பே கேட்டு, அந்தப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பாதி மட்டும் கட்டிவிட்டு வெளியே வருவார்களா, அன்றே வேறொன்றைச் செய்வார்களா? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

இரவு வலிக்கு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதாக எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை உள்ளவருக்கு அது சிறுநீரகத்தில் போய் நிற்கும். என்ன மாத்திரை, எத்தனை என்று உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டிவிடுங்கள். தட்டையாகப் படுக்காமல் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து, வலது முழங்கைக்கு அடியில் மடித்த போர்வை ஒன்றைக் கொடுத்துப் படுத்துப் பாருங்கள். முழங்கை தோளுக்குப் பின்னால் சரியாமல் இருந்தால் பாதி இரவாவது தூக்கம் வரும்.